நாலு மணிக்குள் முடிகிற படிப்பு

சிட்லபாக்கத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தில் வீட்டு வாசல்களில் இரண்டு கேள்விகள் உலவும். பையனைப் பெற்றவர்களிடம், "என்ன கோர்ஸ் போடப் போறீங்க?" என்று கேட்பார்கள். பெண்ணைப் பெற்றவர்களிடமும் அதைக் கேட்பார்கள். பதில் முடிவதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிடும்: "காலேஜ் எத்தனை மணிக்கு விடும்?"

பல வீடுகளில் இரண்டாவது கேள்விதான் முதல் கேள்விக்கு விடை எழுதுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் எழுதியது. எனக்குத் தாவரவியல் பிடிக்கும். ஏரிக்கரையில் கோரையையும் அல்லியையும் பிடுங்கிவந்து செய்தித்தாளுக்குள் அழுத்தி உலர்த்தி வைத்திருப்பேன். மதிப்பெண்ணும் இருந்தது. பி.எஸ்சி. விண்ணப்பம் வாங்கப் போன கல்லூரியில், செய்முறை வகுப்பு உள்ள நாட்களில் ஐந்து மணி ஆகும் என்றார்கள். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, அங்கே நின்றபடியே இன்னொரு கணக்குப் போட்டார். "அஞ்சு மணிக்கு விட்டா, ட்ரெயினைப் புடிச்சு சானடோரியத்துல எறங்கி, ஏரிக்கரை வழியா நடந்து வர்றதுக்குள்ள ஏழாயிடும்மா." பி.ஏ. தமிழ் காலை ஷிப்டில் இருந்தது. ஒன்றரை மணிக்கு முடிந்துவிடும்.

அப்பா கோபக்காரர் இல்லை. என்னைப் படிக்க வைக்கக் கடன் வாங்கியவர். தமிழும் என்னைக் கைவிடவில்லை. முனைவர் பட்டம், கவிதை, வேலை, சொந்தச் சம்பளம் எல்லாம் தமிழ் தந்ததுதான். ஆனாலும், "நான் தமிழைத் தேர்ந்தெடுத்தேன்" என்று மேடையில் சொல்லும்போது வாய் ஒரு நொடி தயங்கும். அன்று தேர்ந்தெடுத்தது நான் இல்லை, கடிகாரம்.

இந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று தேடிப் போனால் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சென்னையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அறிவியல், பொருளாதாரம், கல்வியியல் என்று இன்று நம் பெண்கள் விண்ணப்பம் போடும் மூன்று படிப்புகளும், பெண்களுக்கான கல்லூரிகளும், ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் இந்த நகரத்தில் உருப்பெற்றன. சென்னைக் கடற்கரைச் சாலையில் நடந்தால் அந்தப் பத்தாண்டு இன்னமும் கட்டடங்களாக நிற்கிறது. ஒரு பக்கம் பிரசிடென்சி என்கிற மாநிலக் கல்லூரி. இன்னொரு பக்கம் ராணி மேரிக் கல்லூரி. இடையில் ஐஸ் ஹவுஸ் என்கிற விவேகானந்தர் இல்லமும், அதை ஒட்டி லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும். அரை மணி நேர நடைக்குள் அடங்கிவிடுகிற சாலை.

ராணி மேரிக் கல்லூரி 1914 ஜூலையில் 37 மாணவிகளோடு தொடங்கியது. அன்று அதற்குப் பெயர் மெட்ராஸ் பெண்கள் கல்லூரி. 1917இல்தான் இப்போதைய பெயர் வந்தது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. அடுத்த ஆண்டே, 1915இல், பல மிஷன் சபைகள் சேர்ந்து பெண்கள் கிறித்துவக் கல்லூரியைத் தொடங்கின. எலினார் மெக்டூகல் முதல்வர், 41 மாணவிகள். இரண்டுக்கும் விடுதி இருந்தது. 1921 குடிக்கணக்கில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த நிலையில் இன்டர்மீடியட் வகுப்பு வரை வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால் ஒரு வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கும். படிப்பது ஆங்கிலத்தில். அறிவியலைத் தமிழில் சொல்லச் சொற்கள் வேண்டும் என்று சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் ஒரு சங்கம் தொடங்கியதே 1916இல்தான்.

அறிவியலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கிடைக்காதது அது.

அறிவியல் படிப்புக்குப் புத்தகம் மட்டும் போதாது. மேசை வேண்டும், குழாயில் தண்ணீர் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். சோதனைக் குழாயில் இருப்பது நிறம் மாறுவதற்கு முன்னால், "வீட்டில் தேடுவார்கள்" என்று கிளம்ப முடியாது. இலக்கியத்தை மாடிப்படியில் உட்கார்ந்துகூடப் படித்துவிடலாம். வேதியியலை அப்படிப் படிக்க முடியாது. அதனால்தான் பெண்கள் அறிவியல் படித்த கதைகளில் ஆய்வகம் எவ்வளவு முக்கியமோ, தங்கும் இடமும் அவ்வளவு முக்கியமாக இருக்கிறது.

தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள் சென்னைக்கு வந்து ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். பிறகு அதே கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரசிடென்சிக்குப் போய் 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1925இல் முதுகலைப் பட்டமும் 1931இல் முனைவர் பட்டமும் பெற்றார். திரும்பிவந்து கோயம்புத்தூர் கரும்பு இன விருத்தி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்களின் குரோமோசோம் அட்டவணை 1945இல் வெளிவந்தது. கடைசிக் காலத்தில் மதுரவாயலில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகக் கள ஆய்வகத்தில் வேலை செய்தார். எங்கள் ஊரிலிருந்து புறவழிச்சாலையில் போனால் எட்டிவிடுகிற இடம். 1984இல் இறந்தார்.

தலச்சேரிப் பெண்ணுக்குச் சென்னையில் ஒரு கட்டிலும் ஒரு மேசையும் கிடைத்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. அவருடைய அறிவும் பிடிவாதமும் அவருடையவை. ஆனால் அவை வேலை செய்வதற்கான நேரத்தை அந்தக் கட்டில்தான் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

வாசல் திறந்த பிறகும் உள்ளே இன்னொரு கதவு இருந்தது. அன்னா மாணி பிரசிடென்சியில் 1939இல் ஆனர்ஸ் முடித்து, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியியலை ஆராய்ந்து 1945இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. பட்டம் இல்லாமலேயே இந்தியாவின் வானிலைக் கருவிகளை உருவாக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். ஆய்வேட்டில் ஒரு சிறு திருத்தத்துக்காக இரவெல்லாம் அழுகிற என் ஆய்வு மாணவிகளுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

பொருளாதாரத்தின் கதை வேறு மாதிரி. அது வெகுகாலம் வரலாற்றுப் பாடத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கி, 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டரை அழைத்துவந்தது. அதற்கு முன் அவர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வர். அவர் செய்த ஒரு காரியம் இன்றும் பேசப்படுகிறது. புத்தகத்தை மனப்பாடம் செய்யாமல் சொந்த ஊருக்குப் போய்க் கணக்கெடுத்துவரச் சொல்லி மாணவர்களை அனுப்பினார். நிலம் யாருடையது, கடன் எவ்வளவு, கூலி பணமா நெல்லா, வீட்டில் எத்தனை பேர் என்று கேள்விப் பட்டியல் தயாரானது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, செய்யாறு பக்கத்துத் தூசி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் விவரங்கள் 1918இல் புத்தகமாக வந்தன. அதே ஊர்களுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்க் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

நல்ல படிப்பு என்றால் இதுதான். ஆனால் இந்தப் படிப்புக்குத் தெருவில் நடக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் திண்ணையில் உட்கார்ந்து, "உங்களுக்கு எவ்வளவு கடன்?" என்று கேட்க வேண்டும். 1916இல் ஒரு கல்லூரி மாணவி தன் ஊருக்குப் போய் இதைக் கேட்டிருந்தால் ஊர் அவளைப் பற்றி என்ன கேட்டிருக்கும்? அறிவியலுக்கு நான்கு சுவர் வேண்டியிருந்தது. பொருளாதாரத்துக்கு நான்கு தெரு வேண்டியிருந்தது. இரண்டுமே பெண்ணின் கையில் இல்லை.

நான் அடிக்கடி யோசிப்பது, அந்தக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் போயிருந்தால் கேள்விப் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று. சிட்லபாக்கம் ஏரிக்குக் கீழே வயல் இருந்த காலத்தில் என் கொள்ளுப்பாட்டி நாற்று நட்டவர். இன்று அந்த வயல்களின் மேல் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஊரும் 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. கொள்ளுப்பாட்டிக்குக் கூலி நெல்லாக வந்தது. அதில் எத்தனை படி அவர் கையில் நின்றது, எத்தனை படி கொள்ளுத்தாத்தாவின் கள்ளுக்கடைக் கணக்குக்குப் போனது என்று கேட்க, அடுப்படி வரை வரக்கூடிய ஒருத்தி வேண்டும். திண்ணையோடு நின்றுவிடுகிற கணக்கில் பாதிக் குடும்பம் விடுபட்டுப் போகும்.

மூன்றாவது படிப்பு கல்வியியல். அன்று அதற்கு எல்.டி. என்று பெயர். பட்டப்படிப்புக்குப் பிறகு படிக்கும் ஆசிரியர் பயிற்சி. இந்த வாசல் மட்டும் பெண்களுக்கு அகலமாகத் திறந்தது. காரணம் எளிது. வயதுவந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் படிக்க அனுப்ப வீடுகள் மறுத்தன. பெண் பள்ளிகள் நடக்க வேண்டுமானால் பெண் ஆசிரியர்கள் வேண்டும். அரசுக்குத் தேவை இருந்தது. அந்தத் தேவையையே ஒரு கருவியாக்கிக்கொண்டவர் சகோதரி சுப்புலட்சுமி.

1886இல் பிறந்தவர். பதினொரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே விதவை. 1911இல் பிரசிடென்சியில் பி.ஏ. முடித்தார். 1912இல் தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். பின்னர் அந்த விடுதி, கடற்கரையில் ஒரு காலத்தில் அமெரிக்க ஐஸ் கட்டிகளைச் சேமித்துவைத்த ஐஸ் ஹவுஸுக்கு இடம்பெயர்ந்தது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவர்தான் அதன் முதல் முதல்வர். அடுத்த ஆண்டு செயின்ட் கிறிஸ்டோபர் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்கார வேண்டியவள் கரும்பலகைக்கு முன்னால் நின்று சம்பளம் வாங்கினாள். இதை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

பாதியாகவும் பேசக் கூடாது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கானது. அதற்கு வெளியே இருந்த விதவைகள் நாற்று நட்டுக்கொண்டும் கல் உடைத்துக்கொண்டும் இருந்தார்கள். என் கொள்ளுப்பாட்டியும் இருபத்தைந்து வயதில் விதவைதான். அவருடைய விடுதலையை யாரும் திட்டமிடவில்லை, அவர் வெளியே போவதை யாரும் தடுக்கவும் இல்லை. வயலுக்குப் போகிற பெண்ணிடம் எத்தனை மணிக்கு வருவாய் என்று எந்தச் சாதியும் கேட்டதில்லை. நேரம் என்பது படிக்கப் போகிற பெண்ணுக்கு மட்டும் போடப்பட்ட வேலி. சுப்புலட்சுமி பின்னாளில், 1954இல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் ஒன்று அமையவும் பாடுபட்டார். எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து ஊர். கடற்கரையிலிருந்து மாடம்பாக்கம் வர நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்த வாசல் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கும் முதல் சம்பளக்காரி வந்தாள். என் அம்மா. பத்தாவது முடித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை ஆனவர். அம்மாவுக்குக் கணக்கில் ஆசை. "டீச்சருக்குப் படிச்சதுனாலதான் என்னை வெளியவே விட்டாங்க. வேற என்ன கேட்டிருந்தாலும் கதவு சாத்தியிருக்கும்" என்பார். அவருக்கு அது திறந்த கதவு. ஆனால் அதே கதவைத்தான் எனக்கும் காட்டினார்கள், இன்று என் மாணவிகளுக்கும் காட்டுகிறார்கள். சமூகம் நமக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டு, மற்ற வாசல்களைப் பற்றிக் கேட்டால், "அதான் ஒண்ணு திறந்திருக்கே" என்கிறது.

போன ஆண்டு மூன்றாமாண்டு பொருளாதார மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். பகுதி ஒன்று தமிழ் நடத்துவதால் எல்லாத் துறைப் பிள்ளைகளும் எனக்குப் பழக்கம். வகுப்பில் ஒருநாள் ஸ்லேட்டரின் கிராமங்களைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, வண்டலூருக்கு அப்பால் உள்ள தன் தெருவிலேயே கணக்கெடுத்திருந்தாள். "மேம், எங்க தெருவுல 'என்ன வேலை செய்றீங்க'ன்னு கேட்டா, பாதிப் பேரு 'சும்மா வீட்லதான் இருக்கேன்'னு சொல்றாங்க. அப்புறம் உள்ள போய் உட்கார்ந்தா, ஒருத்தங்க புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கறாங்க, ஒருத்தங்க இட்லி மாவு அரைச்சு விக்கறாங்க, ஒருத்தங்க பூ கட்டறாங்க. யாருமே அதை வேலைன்னு சொல்லல." நூறாண்டுக்கு முன் கேட்கப்படாத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். எம்.ஏ. பொருளாதாரம் படிக்க வேண்டும் என்றாள். வீட்டில் பி.எட். என்கிறார்களாம்.

அவளுடைய அம்மா ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. "மேடம், டீச்சருக்குப் படிச்சா ஊர்ல ஒண்ணும் பேச மாட்டாங்க. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவா. கட்டிக் குடுத்த எடத்துலயும் ஒத்துப்பாங்க."

"நீங்க எத்தனை மணிக்குங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டேன்.

"செகண்ட் ஷிப்டுன்னா பத்தரை, பதினொண்ணு ஆயிடும்."

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சிரித்தார். "என்ன சொல்லுவாங்க மேடம்? சம்பளம் வருதுல்ல."

சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் எதுவும் சொல்லவில்லை. பிறகு, எம்.ஏ. படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம், உதவித்தொகை கிடைக்குமா, விடுதிக்கு எவ்வளவு ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பி.எட். பற்றிக் கேட்டதற்கும் உள்ளதைச் சொன்னேன். 2015இலிருந்து அது இரண்டு ஆண்டுப் படிப்பு, அதற்குப் பிறகு தகுதித் தேர்வு, அரசு வேலைக்குக் காத்திருப்பு, தனியார் பள்ளிகளில் கொடுக்கும் சம்பளம். "நாலு மணிக்கு விட்டாலும் திருத்தற நோட்டு வீட்டுக்குத்தாங்க வரும்" என்றேன். என் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்திய நோட்டுகளில் குழம்பு தெறித்த கறை இருக்கும்.

ஆசிரியர் படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. நானே ஆசிரியை. சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிற பெண் அதைத்தான் படிக்க வேண்டும். ஆனால் அவள் ஆசைப்பட்டு வந்தாளா, கடிகாரம் அனுப்பி வந்தாளா என்பது வகுப்பறையில் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கும் தெரியும்.

நூறாண்டுக்கு முன் நம் படிப்பைச் சாத்தியமாக்கியவர்கள் பெண்களுக்குத் துணிச்சல் வேண்டும் என்று உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. கட்டடம் பிடித்தார்கள், கட்டில் போட்டார்கள், சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் வந்தபோது புறநகர்ப் பெண்ணுக்குக் கல்லூரி இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. 2003இல் ராணி மேரிக் கல்லூரிக் கட்டடத்தை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடி அதைக் காப்பாற்றினார்கள். இடம் போனால் என்ன போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் பெண்ணின் பாடத்தை மாற்றச் சொல்லும் வீடுகளிடம் நான் இப்போது வாதாடுவது குறைவு. கல்லூரியிடம் கேட்கிறேன். செய்முறை வகுப்பு முடியும் நேரத்துக்கு ஏன் பேருந்து இல்லை? விடுதியில் இடம் ஏன் முதலாண்டுக்கே தீர்ந்துவிடுகிறது? நூலகம் ஏன் நாலரைக்கு மூடுகிறது? துறைக் கூட்டத்தில் இதைக் கேட்டால், "தமிழ்த் துறைக்கு எதுக்கு லேப் கவலை?" என்று ஒரு சக ஆசிரியர் கேலி செய்தார். கேலி இருக்கட்டும், இந்த ஆண்டு ஐந்தேகாலுக்கு ஒரு பேருந்து விட்டிருக்கிறார்கள். தாம்பரம் வரைதான். அதற்கு அப்பாலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பெண் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பி.எட். விண்ணப்பமும் வீட்டில் பூர்த்தியாகி இருக்கிறதாம். விடுதியில் இடம் கிடைத்தால் எம்.ஏ., கிடைக்காவிட்டால் பி.எட். என்று வீட்டில் பேசி முடிவுசெய்திருக்கிறார்கள். அவளுடைய பொருளாதாரம் இப்போது ஒரு கட்டிலை நம்பி இருக்கிறது.